பூஞ்சையைப் பார்த்துத் துணியில் தைப்பது: பெட்டியிலிருந்து சட்டம் வரை ஒரு முழு வழிகாட்டி

ரொட்டியிலும் ஆரஞ்சுத் தோலிலும் வளரும் பூஞ்சையின் வடிவத்தைக் கவனித்து, அதை 15 சென்டிமீட்டர் எம்பிராய்டரி வளையத்துக்குள் தைத்து முடிக்கும் வரை உள்ள எல்லாப் படிகளும் இதில் இருக்கின்றன. மொரிஷியஸில் இருந்து எழுதுகிறேன். இங்கே பூஞ்சைக்குப் பஞ்சமே இல்லை. கியூர்ப்பீப் பக்கம் அலமாரியில் வைத்த செருப்பைக்கூட அது விடாது.

எங்கள் சனிக்கிழமைத் தையல் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தையலில் தடுமாறுவதில்லை. அதற்கு முந்திய படிகளைத் தாண்டிக் குதிப்பதில்தான் தடுமாறுகிறார்கள். பார்க்காமல் வரைவார்கள், வரையாமல் தைப்பார்கள். கடைசியில் துணியில் இருப்பது பூஞ்சையா, பச்சைப் பொத்தான்களா என்றே தெரியாது. அதனால் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

தூக்கி எறிந்தால் கவலைப்படாத, மூடியோடு கூடிய தெளிவான பிளாஸ்டிக் பெட்டிகள் மூன்று. அகலமான ஒட்டு நாடா. ஒரு நாள் பழைய ரொட்டித் துண்டு, ஆரஞ்சுத் தோல். கைப்பேசி, கறுப்புத் துணி, அளவுகோல், காம்பஸ், ஒரு தாயக்கட்டை (ஆறு பக்கமும் புள்ளி உள்ளது), கொஞ்சம் துவரம்பருப்பு. தைக்க 15 சென்டிமீட்டர் வளையம், ஆறு இழை எம்பிராய்டரி நூல், நுனி கூர்மையான ஊசிகள், சாம்பல் அல்லது பழுப்பு நிறப் பருத்தித் துணி.

வெள்ளைத் துணி வேண்டாம். பூஞ்சையின் வளரும் விளிம்பு வெள்ளையாகத்தான் இருக்கும். வெள்ளைத் துணியில் அது காணாமல் போய்விடும். ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளின் மிச்சத் துணி சந்தையில் கிடைத்தால், அதில் மங்கிய நிறமாகப் பார்த்து எடுங்கள்.

1. பூஞ்சை வளர்ப்பது உங்களுக்குச் சரிப்படுமா என்று பாருங்கள்

வீட்டில் ஆஸ்துமா, ஒவ்வாமை, நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், கைக்குழந்தை யாராவது இருந்தால் இந்தப் படியையே விட்டுவிடுங்கள். பூஞ்சையின் வித்துகள் தூசியைவிட லேசானவை. பெட்டி தவறி விழுந்து திறந்தால் அறை முழுக்கப் பரவிவிடும்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு வேறு வழி இருக்கிறது. இந்தியாவிலிருந்து யாராவது கொண்டுவந்த செட்டிநாட்டு மசாலாப் பொட்டலத்தில் கல்பாசி இருக்கும். அது ஒரு லைக்கன்; பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உடல். கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டால் மடிப்புகள் விரிந்து, விளிம்பின் சுருக்கம் எல்லாம் தெளிவாகத் தெரியும். வெளியே போனால் எரிமலைக் கல் மதில்களில் வட்ட வட்டமாக ஒட்டியிருக்கும் லைக்கன்களைப் படம் எடுக்கலாம். சுரண்டி எடுக்காதீர்கள். பல வகைகள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. உள்ளங்கை அகலம் வர எத்தனை ஆண்டு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வழியில் போகிறவர்கள் நேரே 4-ஆம் படிக்குப் போகலாம்.

2. பெட்டியை மூடுங்கள், மூடியதைத் திறக்காதீர்கள்

ரொட்டியை அரை மணி நேரம் காற்றுப்பட வையுங்கள். வித்துகள் காற்றிலேயே இருக்கின்றன. தனியாக எங்கிருந்தும் கொண்டுவர வேண்டாம். அப்புறம் சில துளி தண்ணீர் தெளித்துப் பெட்டிக்குள் வைத்து, மூடியின் விளிம்பு முழுவதையும் ஒட்டு நாடாவால் சுற்றிவிடுங்கள்.

பேக்கரியில் அன்றாடம் சுடும் 'பேன் மேசோன்' ரொட்டி இதற்கு நல்லது. கடையில் உறையில் வரும் வெட்டிய ரொட்டியில் பூஞ்சையைத் தள்ளிப்போட கால்சியம் புரோப்பியோனேட் மாதிரியான பொருள் சேர்ப்பதுண்டு. அது நாள்கணக்கில் சும்மாவே கிடக்கும்.

இங்கே மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, தண்ணீரை ஊற்றுவது. ரொட்டி ஊறிவிட்டால் பூஞ்சைக்குப் பதில் பாக்டீரியா பெருகி வழவழவென்று ஆகும். இரண்டு, ஜிப் பையில் போடுவது. பை ரொட்டியில் ஒட்டி, எழும்பும் இழைகளை நசுக்கிவிடும். பெட்டியில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் காற்றாக இருக்கட்டும், பூஞ்சைக்கு ஆக்ஸிஜனும் வேண்டும். மூன்று, மீன், இறைச்சி, பால், சோறு எதையாவது வைத்துப் பார்ப்பது. நாற்றமும் நோய்க்கிருமியும்தான் மிச்சம்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வெயில் காலத்தில் வழக்கமாக மூன்று நான்கு நாளில் வெண்பஞ்சு தெரியும், ஒரு வாரத்துக்குள் நிறம் வரும். குளிர்காலத்தில் மெதுவாகத்தான் வரும். அது நல்லதுதான், பார்க்க அதிக நேரம் கிடைக்கிறது.

3. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் படம்

மேசையில் ஒரு காகிதத்தை ஒட்டி, பெட்டியின் அடி ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். தினமும் அந்தக் கோட்டுக்குள்ளேயே பெட்டியை வைத்து, பக்கத்தில் அளவுகோல் தெரியப் படம் எடுங்கள். இடம் மாறினால் நேற்றைய படத்தோடு இன்றையதை ஒப்பிட முடியாது; எவ்வளவு வளர்ந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

ஃபிளாஷ் போடாதீர்கள், மூடியில் பட்டுப் பளிச்சென்று அடிக்கும். பின்னால் கறுப்புத் துணியை வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி செய்யுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் வெண்படலமாகத் தெரிந்தது, பக்க வெளிச்சத்தில் தனித்தனி இழையாகப் பிரிந்து நிற்கும்.

மூடியின் உள்பக்கம் நீராவி படிந்து மங்கியிருந்தால் பலர் உடனே திறந்து துடைக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடியின் வெளிப்பக்கம் ஒரு நிமிடம் வையுங்கள். மூடி உள்ளிருக்கும் காற்றைவிடச் சூடாகும்போது ஆவி தானாக விலகும்.

4. வளர்ச்சியின் ஒழுங்கைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். படங்களை வரிசையாக வைத்து நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, நிறம் வயதைச் சொல்கிறது. ஆரஞ்சுத் தோலில் வருவது பெரும்பாலும் பெனிசிலியம். அதன் நடுவில் பச்சைப் பொடி, சுற்றிலும் வெள்ளை வளையம் இருக்கும். பொடி என்பது வித்து. வளர்ந்து முதிர்ந்த பகுதியில்தான் வித்து உண்டாகும். இன்றைக்கு வளர்ந்த விளிம்பு வெறும் இழை, அதனால் வெள்ளை. அதாவது வெளியிலிருந்து நடுவுக்குப் போகப் போக நீங்கள் பார்ப்பது நேற்று, முந்தாநாள், அதற்கு முந்திய நாள்.

இரண்டாவது, அளவும் வயதைச் சொல்கிறது. ஒரே வகைப் பூஞ்சை, ஒரே ரொட்டி என்றால் விளிம்பு ஏறக்குறைய ஒரே வேகத்தில் எல்லாத் திசையிலும் நகர்கிறது. அதனால்தான் வட்டம். பெரிய வட்டம் முன்னால் பிறந்தது, சிறியது பின்னால் பிறந்தது.

மூன்றாவது, இரண்டு வட்டம் மோதும் இடம். அங்கே பல நேரம் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டில் இருவருக்குமே வளர்ச்சி நின்றுவிட்டதால் வெள்ளை விளிம்பும் சில நாளில் மறைந்து, பச்சை கோடு வரை வந்துவிடும். மோதாத பக்கம் மட்டும் வெள்ளை தொடரும். புதியவர்கள் எல்லாரும் தவறவிடுவது இதைத்தான். ஒவ்வொரு வட்டத்துக்கும் கரை போட்ட மாதிரி சுற்றிலும் வெள்ளை வைத்துவிடுவார்கள்.

நான்காவது, இழை. ரொட்டியில் சாம்பல் பஞ்சாக எழும்பி, நுனியில் கறுப்புக் குண்டூசித் தலைகளோடு நிற்பது பெரும்பாலும் ரைசோபஸ். அதன் இழைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். மரக்கிளை அடியில் தடித்து நுனியில் மெலியும். பூஞ்சை இழை அப்படி இல்லை, அடியும் நுனியும் கிட்டத்தட்ட ஒரே தடிமன். வளர்வதும் நுனியில்தான், கிளைகள் நுனிக்குப் பின்னால் பிரிகின்றன. மரம் மாதிரி வரைந்தால் பார்ப்பவர்கள் மரம் என்றுதான் சொல்வார்கள்.

5. தாயக்கட்டையும் பருப்பும் வைத்துக் காகிதத்தில் வளர்த்துப் பாருங்கள்

படத்தை அப்படியே அச்செடுத்துத் தைக்கலாம்தான். ஆனால் உங்களிடம் ஒரே ஒரு படம்தான் இருக்கும். ஒழுங்கு கைவந்தால் எத்தனை வடிவம் வேண்டுமானாலும் பிறக்கும்.

காகிதத்தில் 13 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். எட்டு ஒன்பது துவரம்பருப்பை உயரத்திலிருந்து கையை விரித்துப் போடுங்கள். விழுந்த இடத்தில் புள்ளி. இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். கோலம் போட்டுப் பழகிய கை எதையும் இடவலம் சமமாக வைக்கத்தான் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் பருப்பு.

ஒவ்வொரு புள்ளிக்கும் தாயக்கட்டையை உருட்டுங்கள். விழும் எண்தான் அது பிறக்கும் சுற்று. மொத்தம் எட்டுச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும், அதுவரை பிறந்த எல்லா வட்டங்களும் 4 மில்லிமீட்டர் வெளியே நகரும். முதல் சுற்றில் பிறந்தது எட்டுச் சுற்று வளர்ந்து 32 மில்லிமீட்டர் ஆரம் வரும். ஆறாவதில் பிறந்தது 12 மில்லிமீட்டரோடு நிற்கும்.

இரண்டு விதிகள். ஒரு வட்டம் இன்னொன்றைத் தொட்ட இடத்தில் இரண்டும் நிற்க வேண்டும், மற்றப் பக்கங்களில் தொடரலாம். பிறக்க வேண்டிய புள்ளியை ஏற்கனவே வேறொரு வட்டம் மூடியிருந்தால் அந்தப் புள்ளி இல்லை, அழித்துவிடுங்கள்.

ஒரே சுற்றில் பிறந்த இரண்டு வட்டங்கள் மோதினால் எல்லை நேர்கோடாக வரும். வயது வித்தியாசம் இருந்தால் எல்லை இளையதைச் சுற்றி வளையும். இதையெல்லாம் யோசித்து வரைய முடியாது. சுற்றுச் சுற்றாக வளர்த்தால் தானாக வரும். ஒரு சுற்று முடியாமல் அடுத்ததைத் தொடங்காதீர்கள். ஒரு வட்டத்தை மட்டும் எட்டுச் சுற்றும் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால், முதலில் வரைந்தது எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும், கணக்கே கெட்டுவிடும்.

சுற்று எண்ணை ஒவ்வொரு வளையத்திலும் பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்த படிக்கு வேண்டும்.

இதற்குள் பெட்டிகளின் வேலை முடிந்திருக்கும். திறக்காமல், நாடாவோடு அப்படியே ஒரு பைக்குள் போட்டுக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். கழுவி எடுத்துத் திரும்பப் பயன்படுத்த நினைக்காதீர்கள்.

6. நிறத்தைச் சுற்று எண்ணால் தீர்மானியுங்கள்

7, 8 சுற்றுகளுக்கு வெள்ளை. 5, 6 சுற்றுகளுக்கு வெளிறிய பச்சை. 1 முதல் 4 வரை சாம்பல் கலந்த கரும்பச்சை. அவ்வளவுதான். ஆறாவதில் பிறந்த குட்டி வட்டத்துக்குக் கரும்பச்சை கிடைக்காது. நான்காவது சுற்றிலேயே மோதிக்கொண்ட எல்லையில் கரும்பச்சை கோடு வரை வந்துவிடும். ஆரஞ்சுத் தோலில் பார்த்ததும் இதுவேதான்.

நூல் வாங்கும்போது பளபளப்பான பச்சையை எடுக்காதீர்கள். வித்துப் பொடி ஒளியை அடக்கிவிடும், மினுக்காது. ஒரே நிற நூலில் அந்தப் பொடித்தன்மை வராது. ஒரு இழை சாம்பல்பச்சை, ஒரு இழை வெள்ளை, இரண்டையும் ஒரே ஊசியில் கோத்துத் தையுங்கள். நடுத்தரப் பச்சை நூல் ஒன்றைத் தேடி அலைவதைவிட இது நன்றாக வரும்.

7. துணியை முதலில் துவையுங்கள்

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். கஞ்சி பூஞ்சைக்குச் சாப்பாடு. நம் ஊர் ஈரத்தில் அதை அப்படியே சட்டம் போட்டு மாட்டினால் தைக்காத பூஞ்சையும் வரும். சுருங்குவதும் இப்போதே சுருங்கட்டும். தைத்த பிறகு சுருங்கினால் நூலைச் சுற்றித் துணி குழிந்துவிடும். கரும்பச்சை நூலை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் ஒட்டினால் அந்த நூலை விட்டுவிடுங்கள்.

ஒருமுறை கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, பூஞ்சையையே துணியில் வளரவிட்டால் வேலை மிச்சம்தானே?" மிச்சம் இல்லை. பல பூஞ்சைகள் பருத்தி நாரையே தின்னும். கறை போகாது, துணி இற்றுப்போகும், அதைத் தொடுகிறவர்கள் வித்தைச் சுவாசிப்பார்கள்.

8. மாதிரித் தையல் போட்டுப் பாருங்கள்

அதே துணியில் ஒரு ஓரத்தில் மூன்று தையலையும் விரலளவு போட்டுப் பாருங்கள்.

வெள்ளைக்கு: ஒற்றை இழை, நடுவிலிருந்து வெளிநோக்கிய சின்னச் சின்ன நேர்த்தையல்கள். இடையிடையே இறகுத் தையல், கிளை பிரிவது மாதிரி தெரியும். வெளிநுனிகள் ஒரே கோட்டில் முடியக் கூடாது, ஒன்று முன்னே ஒன்று பின்னே இருக்கட்டும்.

வெளிறிய பச்சைக்கு: கலப்பு இழையில் விதைத் தையல், அதாவது எந்தத் திசையும் இல்லாமல் இறைத்துவிட்ட குட்டித் தையல்கள். வெள்ளைக்குள்ளும் கொஞ்சம் நுழையட்டும்.

கரும்பச்சைக்கு: பிரெஞ்சு முடிச்சு. ஊசியில் நூலை ஒரே சுற்று சுற்றுங்கள். இரண்டு மூன்று சுற்றினால் முடிச்சு பெரிதாகி ஜவ்வரிசி கொட்டிய மாதிரி ஆகிவிடும். பொடி வேண்டுமென்றால் சின்ன முடிச்சு, நெருக்கமாக.

ரைசோபஸ் தைக்க விரும்புகிறவர்களுக்குக் காம்பு முடிச்சு இருக்கிறது. ஊசியில் நூலைச் சுற்றி, நூல் வெளிவந்த இடத்திலேயே குத்தாமல், கொஞ்சம் தள்ளிக் குத்தினால் ஒரு காம்பும் நுனியில் ஒரு தலையும் விழும். காம்புக்குச் சாம்பலும் தலைக்குக் கறுப்பும் வேண்டுமென்றால், முதலில் சாம்பல் நேர்த்தையல், பிறகு நுனியில் கறுப்பு முடிச்சு. தலைகள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டாம்.

9. வரைபடத்தைத் துணிக்கு மாற்றுங்கள்

ஜன்னல் கண்ணாடியில் காகிதத்தை ஒட்டி, மேலே துணியை வைத்து, தண்ணீரில் அழியும் பேனாவால் எல்லைக் கோடுகளையும் 4, 6 சுற்று வளையங்களையும் மட்டும் வரையுங்கள். எட்டு வளையத்தையும் வரைந்தால் கோட்டைப் பார்த்துத் தைக்கத் தொடங்குவீர்கள்; வளையம் வளையமாக இலக்குப் பலகை மாதிரி வந்துவிடும்.

சூட்டில் அழியும் பேனாவின் கோடு குளிரில் திரும்பத் தெரியலாம். காற்றில் தானாக அழியும் ஊதாப் பேனா நம் ஈரக் காற்றில் தைத்து முடிப்பதற்குள் போய்விடும். தண்ணீர்ப் பேனா போதும், ஆனால் கழுவுவதற்கு முன் இஸ்திரி போடாதீர்கள், கோடு நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும்.

10. தைக்கும் வரிசை: வெளியிலிருந்து உள்ளே

பூஞ்சை நடுவிலிருந்து வெளியே வளர்கிறது. தையல் அதற்கு நேர் எதிர். முதலில் எல்லா வட்டங்களின் வெள்ளை, அப்புறம் எல்லாவற்றின் வெளிறிய பச்சை, கடைசியில் முடிச்சுகள். ஒரு வட்டத்தை முடித்துவிட்டு அடுத்தது என்று போகாதீர்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளை இழை தட்டையாகக் கிடப்பது, முடிச்சு மேலே எழும்பி நிற்பது. முடிச்சைப் போட்டபின் பக்கத்தில் தட்டைத் தையல் போட்டால், இழுக்கும்போது நூல் முடிச்சில் சிக்கும். முடிச்சைக் கடைசியில் போட்டால் கரும்பச்சையின் பஞ்சு வெள்ளையில் ஒட்டுவதும் குறையும். எம்பிராய்டரி வளையம் வடிவத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டியதும் முடிச்சுகளுக்காகத்தான். வளையத்தை நகர்த்தி நகர்த்தித் தைத்தால் விளிம்பு முடிச்சுகளை நசுக்கிவிடும்.

வட்டங்கள் மோதும் எல்லையில் ஒரு இழை அகலத்துக்குத் துணியை வெறுமையாக விடுங்கள். அந்த இடைவெளிதான் இரண்டு வளர்ச்சியையும் பிரித்துக் காட்டும். அதன்மேல் கோடு தைக்க ஆசை வரும். தைத்தால் நாட்டு வரைபடம்.

முடிச்சை வட்டத்தின் நடுவில் அடர்த்தியாகத் தொடங்கி வெளியே வரவர இடைவெளி விட்டுக்கொண்டே வாருங்கள். 4-ஆம் வளையக் கோட்டில் சட்டென்று நிறுத்தாமல், நாலைந்து முடிச்சு கோட்டைத் தாண்டட்டும்.

11. கழுவி, காயவைத்து, சட்டம் போடுங்கள்

குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்திப் பேனாக் கோட்டைப் போக்குங்கள். முறுக்கிப் பிழியாமல், துண்டுக்குள் சுருட்டி அழுத்தி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் விரித்துக் காயவையுங்கள். வெயில் நிறத்தைத் தின்னும். இஸ்திரி வேண்டுமென்றால் தடித்த துண்டின்மேல் குப்புறப் போட்டுப் பின்பக்கம் மட்டும்.

தொட்டால் காய்ந்தது மாதிரி இருந்தாலும் முடிச்சுக்குள் ஈரம் நிற்கும். மழை நாளாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுத்துச் சட்டம் போடுங்கள்.

கண்ணாடி போடுவதானால் அது துணியைத் தொடக் கூடாது; ஓரத்தில் மெல்லிய மரப்பட்டி வைத்து இடைவெளி கொடுங்கள். கண்ணாடியில் ஆவி படிந்து துணியில் ஒட்டினால் அங்கேதான் புள்ளி விழும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள் தடுப்புச் சுவரில் மாட்டுங்கள், சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று போகும். மாட்டாமல் எடுத்து வைப்பவர்கள் பிளாஸ்டிக் பையைத் தவிர்த்து, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நாப்தலீன் உருண்டை பூச்சிக்கு; ஈரத்துக்கு அது எதுவும் செய்யாது.

இவ்வளவு செய்தும் உண்மையான புள்ளி தெரிந்தால் வீட்டுக்குள் தட்டாதீர்கள். பைக்குள் வைத்து வெளியே எடுத்துப் போய், நிழலில் நன்றாகக் காயவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு மென்மையான தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் வித்து நாருக்குள் போய்விடும். பிளீச் ஊற்றினால் உங்கள் கரும்பச்சையும் சேர்ந்து போகும்.